லண்டன் பெரியவரும் என் பேரும்

மகனே,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போனை எடுக்காமல் இருக்கிறவன் பேசுகிறேன். எழுதுகிறது உங்கம்மா. எனக்குக் கையெழுத்தே பெருவிரல்தான் என்று உனக்குத் தெரியும். "பேசுத மாதிரியெல்லாம் எழுதமாட்டேன், மருமக படிப்பா, எழுத்துத் தமிழ்லதான் எழுதுவேன்" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டாள். அதனால் இதில் பாதி என் நாக்கு, பாதி அவள் படித்த எட்டாம் வகுப்பு. போனில் சொல்லி முடிக்கிற விஷயம்தான். ஆனால் நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் அந்தப் பெரியவர் சொல்கிறதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாய். அவர் பேச்சு நோட்டில் ஏறும், என் பேச்சு மட்டும் காற்றோடு போகுமா என்று எனக்கு ஒரு வீம்பு. கடையில் ஒரு குயர் காகிதம் வாங்கிவரச் சொன்னேன்.

சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சொன்னதும் உங்கம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுபது வயசுல தொண்ணூறு வயசுக் கிழவர் மேல பொறாமைப்படுத ஆளை இப்பதான் பாக்கேன்" என்கிறாள். "எழுதுட்டி" என்றேன். எழுதியிருக்கிறாள்.

நீ லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் நாலைந்து மாசம் குளிரைப் பற்றியும் வாடகை வீட்டைப் பற்றியும் பேசினாய். அப்புறம் ஆரோன் ஐயா வந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் இல்லாமல் விடியவில்லை. ஆரோன் ஐயா இன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். ஆரோன் ஐயாவுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், பாருங்கள். ஒருநாள் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, எங்களோடு பேசிக்கொண்டே அவருக்கு நகம் வெட்டினாய். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வெட்டி, ஊதி, துடைத்து. இங்கே நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். நாங்கள் அனுப்பின கடலை மிட்டாயை அவருக்குப் பல் இல்லை என்று இடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, எண்ணெய்ச் சிக்கு இல்லாததாகப் பார்த்து உனக்கென்று வாங்கினது அது. எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன். உங்கம்மாதான், "வாய்க்குள்ள என்ன மெல்லுதீக" என்று கேட்டாள்.

அவர் கதையை நீ எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாய். யூதர் என்றால் யாரென்று கேட்டேன். மேலத்தெரு வேதக்காரர் பைபிளில் வருகிற ஆட்கள்தான் என்றாய். போலந்து என்று ஒரு நாடு. ஜெர்மன்காரன் வந்து பிடித்தபோது அவருக்கு எட்டு வயசு. அப்பா தையல்காரர். யூத ஜனம் என்று அடையாளம் தெரிய எல்லாரும் சட்டையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. தெருவுக்கெல்லாம் அந்த அப்பாவே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாராம். பிறகு சுவரெடுத்து ஒரே இடத்தில் அடைத்தார்கள். உருளைக்கிழங்குத் தோலுக்குச் சண்டை. அப்பா அங்கேயே காய்ச்சலில் போனார். வெளியே கிராமத்தில் ஒரு வேதக்கார அம்மாளுக்கு மகன் செத்துப்போனான். அவள் அந்தச் சாவைக் கோயில் ரிஜிஸ்டரில் எழுதவிடாமல் அவன் ஞானஸ்நானக் காகிதத்தை ஒளித்து வைத்து, அதில் ஒரு யூதப் பிள்ளையைப் பிழைக்கவைக்கிறேன் என்று சொல்லியனுப்பினாள். காகிதம் ஒன்று. பிள்ளைகள் இரண்டு. ஆரோனும், ஐந்து வயசுத் தம்பி பென்யமினும்.

சின்னவனை அனுப்பத்தான் ஆரோனைப் பெற்ற தாய்க்கு ஆசையாம். நாலு நாள் பழக்கிப் பார்த்தாள். நாளெல்லாம் புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அவனும் வருவான். திடீரென்று முதுகுக்குப் பின்னால் நின்று பென்யமின் என்பாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஓடிவந்துவிடுவான். அதனால் பெரியவன் போனான். தாயையும் சின்னவனையும் ரயிலில் ஏற்றினார்கள். அந்த ரயிலில் போனவர்கள் திரும்பவில்லை. மூன்று வருஷம் செத்த பையன் பேரில் மாடு மேய்த்தார். சண்டை முடிந்ததும் வந்த ஆபீசரிடம் முதல் வேலையாகத் தன் சொந்தப் பேரைச் சொன்னார். ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டு ஜன்னலில் வேறு யாரோ திரைச்சீலை போட்டிருந்தார்கள். அனாதைப் பிள்ளைகளோடு லண்டனுக்கு ஏற்றிவிட்டார்கள். புதியம்புத்தூரில் உன் சித்தி தைக்கிற மாதிரி ஒரு கோட்டுக் கம்பெனியில் பத்துப் பதினோரு வருஷம் வெறும் கைப்பகுதி மட்டும் தைத்தார். பிறகு சொந்தக் கடை, கல்யாணம், ஆஸ்திரேலியாவில் ஒரு மகள்.

இதைச் சொல்லும்போது நீ இரண்டு தடவை மூக்கைத் துடைத்தாய். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு காது இருக்கிறது, இத்தனை வருஷம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் நாம் கடைசியாகப் பேசின அந்த ஞாயிறு. நீ கேட்டதை வார்த்தை பிசகாமல் சொல்வேன். "அப்பா, ஸ்கேன்ல பையன்னு சொல்லிட்டாங்க. இங்கன அது குத்தமில்ல, கேட்டாச் சொல்லுவாங்க." நான், "சந்தோசம்ல" என்றேன். அப்புறம் நீ விஷயத்துக்கு வந்தாய். "ஆரோன் ஐயாவுக்கு ரொம்ப முடியலப்பா. டாக்டர் ரெண்டு மாசங்காரு. அவர் தம்பிக்கு ஒரு போட்டோ கிடையாது, பொறந்த ரிஜிஸ்டர் எரிஞ்சுபோச்சு, உலகத்துல எந்தக் காகிதத்துலயும் அந்தப் பேரு இல்ல. நம்ம பிள்ளைக்கு அதை வைப்போமான்னு நாங்க ரெண்டு பேரும் நினைக்கோம். முதப் பிள்ளைக்கு உங்க பேருதான் முறை. அதான் உங்களைக் கேக்காம வைக்கமாட்டேன்." நான், "எம்பேரு என்னல ஆச்சு" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கேட்டுவிட்டேனே தவிர, அந்தக் கேள்விதான் மூன்று வாரமாக என்னை உட்காரவிடவில்லை. என் பேருக்கு என்ன ஆச்சு என்று உனக்குத் தெரியாது. அதற்கு நான்தான் காரணம். ஆறாம் வகுப்பில் ஒருநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். பையன்கள் உன்னை "ஏலே சிலோனு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மில் ஷிப்டுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா, நாம சிலோன்ல எங்க இருந்தோம்? உங்க கூட யார்லாம் இருந்தா? உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று வரிசையாகக் கேட்டாய். கேட்ட வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்தது. உங்கம்மா ஓடிவந்து, "கேட்டது என்ன குத்தம்" என்று என்னை ஏசினாள். அன்றிலிருந்து நீ என்னிடம் சாப்பாடு, பீஸ், பஸ் பாஸ் தவிர எதுவும் கேட்டதில்லை. உன் காது மூடவில்லை. நான் அடித்ததில் என் பக்கம் திரும்புகிறதை நிறுத்திக்கொண்டது. உன் மகன் பேச ஆரம்பித்துக் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்பான். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். கையை மட்டும் ஓங்காதே. அந்த ஒரு அடிக்கு நான் இருபத்தைந்து வருஷமாகக் கூலி வாங்குகிறேன்.

இப்போது கேள். உனக்கு ஒரு பெரியப்பா இருந்தான். என்னைவிட மூன்று வயசு மூத்தவன். வேலாயுதம் என்று பேர்.

உங்கம்மா இங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்ததுதான். எழுதலாமா என்று பார்க்கிறாள். எழுதட்டும். இந்த வயசில் என்னை யார் வந்து பிடிக்கப்போகிறார்கள்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு அறை. அப்பா முன்னமே செத்துப்போனார். இந்தியப் பிரஜையாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிப்போட்டதில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பாஸ்போர்ட் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல யாரும் இல்லை. அந்த நாடும் என்னை எழுதிக்கொள்ளவில்லை, இந்த நாடும் எழுதிக்கொள்ளவில்லை. அண்ணன் பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி வைத்திருப்பான். அவன் இல்லாத நேரம் பிரித்து அவன் போட்டோவை முறைத்துப் பார்ப்பேன். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, அவனுக்குக் காகிதம் உண்டு எனக்கு இல்லை. பொறாமை எனக்கு லண்டனில் பிறந்தது இல்லை மகனே, அப்போதே உண்டு. எண்பத்து மூணு கலவரம் வந்த அன்று அண்ணன் டவுனுக்கு இரும்புப் பெட்டி வாங்கப் போனான். கப்பலுக்குச் சாமான் கட்ட. "ஏலே சின்னவனே, கூட வா, ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கியாந்துருவோம்" என்று கூப்பிட்டான். "போறவன் பெட்டியப் போறவன் தூக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவன் தனியாகப் போனான். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, நீ யார் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். பெட்டியைத் தலையில் வைத்திருந்ததால் ஓட முடியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலமே லயத்துக்கும் தீ வைத்தார்கள். தேயிலைக்குள் குனிந்து ஓடினோம். பத்துத் தோட்டத்து ஜனத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேதான் அண்ணனை ஒரு பலகையில் தூக்கிவந்து போட்டார்கள். முகம் வீங்கிப்போய் அம்மாவுக்கே காலைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான். செத்தவர் பேரை எழுத ஒரு வாத்தியார் நோட்டோடு வந்தார். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வேற்றுத் தோட்டத்துக்காரர்கள். வாத்தியார் அம்மாவிடம், "இறந்தவர் பேர் என்னங்க" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, "செல்லத்துரை" என்றாள்.

செல்லத்துரை நான்தான். பக்கத்திலேயே நிற்கிறேன். வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையில் கிள்ளினாள். தோல் உரிந்தது. வாத்தியார் என்னைக் காட்டி, "இவர் யாரு" என்றார். "இது மூத்தவன், வேலாயுதம். பாஸ்போர்ட்டு இருக்கு" என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவளிடம் இருந்தது ஒரு காகிதமும் ஒரு பிள்ளையும். இரண்டையும் சேர்த்துவிட்டாள்.

பிறகு அழ வேண்டுமே. சுற்றிலும் ஜனம். அம்மா மூத்தவனை மடியில் போட்டுக்கொண்டு, "என் செல்லத்துரை, என் செல்லத்துரை" என்று மாரடித்து அழுதாள். நடுவில் ஒரு இடத்தில் தன்னை மறந்து, "வேலா" என்று வந்துவிட்டது. உடனே சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையை அவன் பேரைச் சொல்லி அழ அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் நின்று என் சாவுக்கு அழுகிறதைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் ஒரு புழு உள்ளே நெளிந்தது. இத்தனை அழுகையும் அவனுக்குத்தானே, என் பேரில் அழுதாலும் அவனுக்குத்தானே என்று.

தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது ஆபீசர் பாஸ்போர்ட்டைப் பார்த்து "வேலாயுதம்" என்றார். நான் சும்மா நின்றேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். அம்மா என் மண்டையில் ஒரு போடு போட்டு, "காது மந்தம் சாமி, கோவிக்காதீங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் காது மந்தம். மண்டபம் கேம்ப்பிலும் அப்படித்தான். அகதிக்கென்று மில்லில் வேலை போட்டுக் கொடுத்து கோவில்பட்டிக்கு வந்தபோதும், மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவேன். "செவிட்டு வேலாயுதம்" என்றுதான் பஞ்சு அடிக்கிற ப்ளோ ரூமில் பேர். மிஷின் சத்தத்தில் போனது என்று நீயும் நம்பிக்கொண்டிருந்தாய். என் காதில் ஒரு குறையும் கிடையாது. அண்ணன் வயசில்தான் ரிட்டையரும் ஆனேன், மூன்று வருஷம் முன்னாலேயே. உடம்பில் தெம்பு இருக்கிறது, இன்னும் ஓட்டுகிறேன் என்று நான் கேட்க முடியுமா? உன் பேருக்கு முன்னால் நிற்கிற எழுத்தும் அவனுடையதுதான். அவனுக்கு நான் ஒரு அமாவாசைக்குக்கூடத் திதி கொடுத்ததில்லை. ரேஷன் கார்டில் உயிரோடு இருக்கிறவனுக்கு யார் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவது?

எங்கம்மா இடைசெவல் பக்கம் கம்பு அறுக்கவும் பருத்தி எடுக்கவும் போய் என்னோடு பதினாறு வருஷம் இருந்தாள். கல்யாணம் பண்ணிவைத்தாள், உன்னைத் தூக்கி வளர்த்தாள். சாகிற வரைக்கும் ஒரு தடவை, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாவது, என்னைச் செல்லத்துரை என்று கூப்பிடுவாளா என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. பயமா, இல்லை மூத்தவன் பேரைத் தினமும் சொல்ல அவளுக்கு ஒரு சாக்காக இருந்ததா, தெரியவில்லை. உங்கம்மாவுக்குத் தெரியவந்ததே கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில்தான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவன் பஸ்ஸிலிருந்து, "ஏய் செல்லத்துர" என்று கத்தினான். காது மந்தமான மனுஷன் சடக்கென்று திரும்பினேன். இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்: "நான் மூணு தடவ கூப்புட்டாத் திரும்பாத மனுசன், எவனோ ஒருத்தன் யார் பேரையோ கூப்புட்டதுக்குத் திரும்புதாரு. வேற குடும்பம் இருக்கோன்னு நெனச்சேன்."

அதனால்தான் மகனே, எம்பேரு என்னல ஆச்சு என்று நான் கேட்டது வெறும் சத்தம். நீ முறைப்படி வைத்திருந்தாலும் அது வேலாயுதம் என்றுதான் இருந்திருக்கும். எனக்கு அந்தப் பெரியவர் மேல் இருந்த எரிச்சலும் எங்கே இருக்கிறது என்று இப்போது பிடிபடுகிறது. நீ நகம் வெட்டினதில் கொஞ்சம், மிட்டாயில் கொஞ்சம். மிச்சமெல்லாம் அவர் அந்த ஆபீசர் முன்னால் நிமிர்ந்து நின்று சொந்தப் பேரைச் சொன்னாரே, அதில். எனக்கு எந்த ஆபீசரும் வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். காகிதம் கிடைத்த மூத்தவர் அவர். எங்கள் வீட்டில் கிடைக்காத சின்னவன் நான். அந்த ஐந்து வயசுப் பிள்ளை பிழைத்திருந்தால் என்னைப் போலத்தான் ஒரு கிழவனாகி, தன் அண்ணன்மேல் இப்படித்தான் புழுங்கிக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பான். இதை நினைத்த பிறகு அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பொறாமை மட்டும் இருக்கிறது. அது இருக்கட்டும், அது என் உடம்போடு வந்தது.

நான் முடிவு பண்ணினது இது. சர்ட்டிபிகேட்டில், பாஸ்போர்ட்டில், ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் பென்யமின் என்றே எழுது. அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஒரு காகிதம் இல்லை. ஒன்று இருக்கட்டும். எழுதினதும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மருமகளை இரண்டு தடவை பார்க்கச் சொல். தப்பான காகிதத்தோடு வாழ்கிற கஷ்டம் அவனுக்கு வேண்டாம். இன்றைக்கே அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா சரி என்று சொல்லிவிட்டார் என்று சொல். தள்ளிப்போடாதே, அவருக்கு நாள் குறைவு. என் கதையையும் கொஞ்சம் சொல். அவருக்கு விளங்கும்.

ஆனால் வீட்டில் கூப்பிடுகிற பேர் செல்லத்துரை. அதற்குக் காகிதம் வேண்டாம். என் பேருக்குக் காகிதம் ஒன்று உண்டு, அந்தப் பள்ளிக்கூடத்துச் சாவு நோட்டு. அது போதும். அதற்கு வேண்டியது ஒரு வாய்தான். சாப்பிடக் கூப்பிடும்போதும், சேட்டை பண்ணினால் அதட்டும்போதும் அந்தப் பேரைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கம்மா, "லண்டன்ல பொறக்கப்போற பிள்ளைக்கு இந்தப் பேரா" என்கிறாள். எழுதுட்டி என்றேன்.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. பேர் வைக்கிற அன்று பிள்ளை காதில் மூன்று தடவை சொல்வார்கள் இல்லையா, அதை வேறு யாரும் சொல்லவேண்டாம். போனைப் போட்டு அவன் காதுப் பக்கம் பிடி. நானே சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக என் வாயால் நானே சத்தமாகச் சொல்லாத பேர், கொஞ்சம் நேரமாகும். பெரியவர் அதுவரைக்கும் இருந்தால் அவரையும் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வை. அவரும் தம்பி பேரை ஆசைதீரச் சொல்லட்டும். ஆனால் எனக்கு அப்புறம்தான்.